பாலத்தில் ஒரு மிஸ்டு கால்

திருநகரில் தையல் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும் ஹஃபீஸா, வைகைப் பாலம் வந்ததும் கணவர் சிராஜுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங்கில் அவர் கட் செய்வார். கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கோரிப்பாளையத்தில் பைக்கோடு நிற்பார்.

சிராஜ் மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் பாலம் வந்தால் அவள் கை தானாகப் போனை எடுக்கும். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்லும். கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

நேற்று ரிங் போனது. ஒரே ரிங். உடனே கட்டானது.

ஹஃபீஸா கோரிப்பாளையத்தில் இறங்கிய இடத்திலேயே நின்றாள். இருட்டியதும் மகள் ஆரிபா போனில் அழைத்தாள். ஹஃபீஸா நடந்ததைச் சொன்னாள்.

“அந்த நம்பர வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்கம்மா. வீட்டுக்கு வா.”

“இருக்கும்த்தா. ஆனா உங்க அத்தா வந்து நிக்கையில நான் இல்லைன்னா தவிச்சுப் போவாருல்ல.”

ஆரிபாவே ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போது, பின்னால் ஒரு பைக் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. சிராஜ் வந்து நின்றதும் அப்படித்தான் அடிப்பார்.

முதலில் திரும்பியது ஆரிபாதான்.