மூக்காயி என்றால் யார்

திரையில் அந்த உயிர் வெட்டிய பாக்கைப் போல விரிந்து கிடந்தது.

உண்மையில் அது ஓர் அரிசிமணியளவுதான். ஒரே செல். இருபத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்து, தாய்லாந்துச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிப்போனது. இதுவரை யாரும் விவரித்திராத இனம்.

இலங்கையின் தெஹியோவிட்டயில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் லயக் காம்பிராவில் உட்கார்ந்து, கோகிலா அதை லேப்டாப்பில் பல நாட்டு ஆய்வாளர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டின் சுருள், உள்ளறைகளின் அமைப்பு, மற்ற இனங்களிலிருந்து இது விலகும் இடம். நாக்கு எங்குமே தடுக்கவில்லை.

கேமராவில் படாத ஓரத்தில், பிளாஸ்டிக் கதிரையில் அம்மா ஆடாமல் அசையாமல் இருந்தாள். ஒரு சொல்லும் புரியாமல் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கோகிலா புதிய இனத்தின் பெயரைச் சொன்னாள். மூக்காயி.

தன் பெயர் காதில் விழுந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

கொழும்புப் பேராசிரியை ஒருவர் திரையில் சிரித்தார். நம்மூர்ப் பெண் என்ற உரிமையோடு சிங்களத்தில் கேட்டார், யார் இந்த மூக்காயி?

என் அம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்தப் பதிலை நேற்றெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

திரையில் கேம்பஸ் தோழிகளின் முகங்கள் தெரிந்தன. அம்மா ஒரு டீச்சர் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"எங்கள் ஊர்க் கோயில் அம்மன்" என்றாள் கோகிலா, சிங்களத்திலேயே.

அழகான பெயர் என்றார் பேராசிரியை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் எந்த மொழியில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பால் நிறுக்கும் இடத்திலும் கடையிலும் அவிசாவளை பஸ்ஸிலும் பேசிப் பேசி, அம்மாவுக்குச் சிங்களம் அவளைவிட நன்றாக வரும்.

மைக்கை அணைத்தாள். "அம்மா..."

"சாமி பேருதானே புள்ள. பொய் ஒன்னும் இல்லையே."

அம்மா எழுந்து போய், கதவு மறைவில் நின்று, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

காலையில் அந்தப் பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடிப்பு வைத்துக் கட்டிவிட்டவள் கோகிலாதான். பெயரைச் சொன்னதும் என் பக்கத்தில் வந்து நில் என்று சொல்லியிருந்தவளும் அவள்தான்.