முப்பத்தெட்டு கிலோ

விற்பனையாளர் சாவியை அவள் கணவரிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"மேடம் ஓட்டுவீங்களா?"

தினமும் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறாள். பள்ளிக்கு, பிசியோதெரபிக்கு, திரும்ப வீட்டுக்கு. சொல்லி என்ன ஆகப்போகிறது.

சரக்கு வேனின் உடம்பில் சீட் போட்டுச் செய்த குடும்ப வண்டி. முகம் சப்பை. பின்புறம் அப்படியே பெட்டி. அழகு என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

பக்கக் கதவைத் தள்ளினாள். ரயில் கதவு போல வழுக்கிக்கொண்டு போனது.

மகள் ஆதிரையின் சக்கர நாற்காலியைச் சீட்டை ஒட்டி நிறுத்தினாள். நாற்காலி உயரமும் சீட் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. மகள் கையை ஊன்றிப் பாதி தானே நகர்ந்தாள். மீதியை அவள் தூக்கினாள்.

குனியவே இல்லை.

ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். இடுப்பில், சேலைக்கு உள்ளே, எலும்பு டாக்டர் கொடுத்த பெல்ட். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அது இறுக்கவில்லை.

நாற்காலியை மடக்காமலே பின்னால் ஏற்றினாள். அதற்கும் இடம் இருந்தது.

அவினாசி ரோட்டில் வண்டியை எடுத்தாள். கணவர் பக்கத்தில். விற்பனையாளர் பின்னால், மகளோடு.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டியரிங் கனம். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனதும் வண்டி ஓர் ஆட்டம் ஆடியது. வேகத்தடையில் பின்சீட் தூக்கிப் போட்டது. மேம்பாலத்துக்கு அடியில் திரும்பும்போது சாய்ந்தது. இன்ஜின் சூடு சீட்டுக்குக் கீழே தெரிந்தது. எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டாள். அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பழக்கம் கிடையாது.

ஆனால் சாலை முழுவதும் தெரிந்தது. சந்தில் திருப்ப முடிந்தது. தினப்படி ஓட்டத்துக்கு இது போதும். போதும் என்ன, இதுதான் வேண்டும்.

"சார், மைலேஜ் எல்லாம் நல்லா வருங்க சார்." விற்பனையாளர் அப்போதும் அவள் கணவரிடம்தான் பேசினார்.

கணவர் சிரித்தார். "மைலேஜ் கெடக்குதுங்க. இதுல ஒரு கல்யாணத்துக்குப் போயி எறங்கினா, ஆம்புலன்ஸ் வந்துருச்சுன்னு ஒதுங்கி வழி விடுவாங்க."

விற்பனையாளரும் சிரித்தார். சிரிக்காமல் எப்படி.

கண்ணாடியில் பார்த்தாள். ஆதிரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு வயது. எல்லாம் காதில் விழும் வயது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கியரை மாற்றிய மாற்றில் விற்பனையாளர் சிரிப்பை நிறுத்தினார்.

ஷோரூம் வந்தது. மகளை இறக்கி நாற்காலியில் வைத்தாள். அதற்குள் கணவர் உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், ஒரு நீளக் கார். கறுப்பு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவர் அதன் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாரு. வண்டின்னா இது. இதையே புக் பண்ணிரலாம்."

இப்போது வீட்டில் இருக்கும் காரும் இப்படித்தான். அவர் தேர்ந்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டுவார். வண்டியைத் திருப்பி நிறுத்துவார். ஏசி போட்டு வைப்பார். அவள் குனிந்து, மகளை ஏந்தி, தலை இடிக்காமல் உள்ளே நுழைத்து, கால்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்து முடிக்கும்போது, உள்ளே ஜில்லென்று இருக்கும்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கறுப்புக் காரின் பின்கதவைத் திறந்தாள். பிரேக்கைப் போட்டாள்.

"சரிங்க. பாப்பாவ ஏத்தி உக்கார வைங்க."

"நீ ஏத்து. நான் அதுக்குள்ள..."

அதுக்குள்ள என்ன? ஷோரூமில் திருப்பி நிறுத்த ஒன்றும் இல்லை. ஏசியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

விற்பனையாளர் உதவிக்கு வந்தார். "வேண்டாங்க," என்றாள். அவர் நின்றுவிட்டார்.

கணவர் குனிந்தார். ஒரு கையை மகளின் தோளில் வைத்தார். எடுத்தார். அக்குளில் வைத்தார். எடுத்தார். இன்னொரு கை காற்றில் நின்றது. காது சிவந்துவிட்டது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் சொல்லித் தரவில்லை.

முப்பத்தெட்டு கிலோ. போன வாரம்தான் பிசியோதெரபியில் மகளுக்கு எடை பார்த்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியுமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆதிரைதான் அப்பாவின் கையைப் பிடித்தாள். மெதுவாகத் தன் முழங்காலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கீங்க. இன்னொரு கை முதுகுக்கு."

அவர் வைத்தார்.

"பரவால்லீங்கப்பா," என்றாள் மகள். "மொதல் தடவதானுங்களே."