இதோ வரேன்

ஹாலிலிருந்து மகள் மறுபடியும் குரல் கொடுத்தாள். “இதோ வரேன்!”

அவன் கூப்பிடவே இல்லை.

காதில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர், மறுமுனையில் வெந்நீர் வராமல் வெந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்காரர். வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் புகார் பிரிவில் அவனுக்கு வேலை. ஆபீசை மூடிவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே பேசச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து படுக்கையறைதான் ஆபீஸ், கட்டிலின் ஓரம்தான் நாற்காலி.

மகள் ஒன்றாம் வகுப்பு. மதியமே பள்ளி விட்டு வந்துவிடுவாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதுவரை பிள்ளைக்கு எல்லாமே அப்பாதான்.

எல்லாமுமாக இருந்த லட்சணம் அவனுக்குத்தான் தெரியும்.

கதவு தட்டப்படும். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு “இதோ வரேன்” என்று கத்துவான். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

ஒருமுறை பொத்த மறந்துபோனான். மறுமுனையில் இருந்த அம்மாள், ரிப்பேர்காரர் தன் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று பூரித்துப்போய், எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மனைவியிடம் அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெட்டியை வாங்கினான். டிவியில் மாட்டினால் எழுத்தும் சொல்லும் கற்றுக்கொடுக்கிற வீடியோ கேம். பிள்ளை பேசுவதைக் கேட்டுக்கொள்ள ஒரு குட்டி மைக்கும் உண்டு. சொற்களைச் சரியாக வாசித்தால் திரையில் ஒரு நாய்க்குட்டி வளரும்.

படிப்புக்காக என்றுதான் கடைக்காரரிடம் சொன்னான். மனைவியிடமும் அதையே சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பிவிட்டான்.

கதவு தட்டுவது நின்றது.

அன்றைக்கு அவன் விட்ட பெருமூச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பெற்ற பிள்ளை தன்னைத் தேடாமல் போனதற்கு ஒருவன் ‘அப்பாடா’ என்பானா? அவன் சொன்னான். வாய்விட்டே சொன்னான்.

போன வாரம் பள்ளியில் டீச்சர், பிள்ளையின் வாசிப்பு நன்றாகத் தேறிவிட்டது, வீட்டில் யார் கூட உட்கார்ந்து சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டார். மனைவி பெருமையாக அவன் பக்கம் கையைக் காட்டினாள். அவன் தலை குனிந்துகொண்டான். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

“இதோ வரேஏன்!”

இந்தத் தடவை அவன் சொல்கிற அதே இழுப்பு.

சுருக்கென்றது. கேலி செய்கிறாள் என்று கோபம் வந்தது. செய்யட்டும், நமக்கு வேண்டியதுதான் என்று அடுத்த நொடியே அது வடிந்தும் போனது.

ஆள் அனுப்புவதாகச் சொல்லி வீட்டுக்காரரின் அழைப்பை முடித்தான். அடுத்த அழைப்பு திரையில் மினுங்கியது. ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டான். நாளைக்கு மேனேஜர் காய்ச்சி எடுப்பார். எடுக்கட்டும்.

ஹாலில் மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் டப்பா திறந்தபடி கிடந்தது.

“யாருக்கு பாப்பா பதில் சொல்லிட்டிருக்கே?”

“பதில் இல்லப்பா, அது நாய்க்குட்டியோட பேரு. பேர் வைக்கச் சொல்லிச்சு, நான் வச்சேன்.” திரையை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. “இது நல்ல நாய்க்குட்டிப்பா. ‘இதோ வரேன்’னு சொன்னா நிஜமாவே வந்துடும்.”

அவள் குரலில் கேலியும் இல்லை, குறையும் இல்லை. தன் குட்டியைப் பற்றிச் சொல்கிற பெருமைதான் இருந்தது. கோபித்துக்கொண்டிருந்தால் கெஞ்சியிருப்பான். அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பான். அவள் இரண்டும் செய்யவில்லை.

அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

“பாப்பா, அப்பாகிட்ட வாயேன்.”

“இதோ வரேன்” என்றாள் மகள், திரும்பாமலே.

நாய்க்குட்டி ஓடி வந்தது.