தங்கம் போக மிச்சம்

மேம்பாலத்தின் அடியில் போலீஸ் நிற்பதைப் பார்த்ததும் மற்றவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். அவன் நேராகப் போலீஸை நோக்கி ஓட்டினான்.

இதற்காகவே ஊரெல்லாம் சுற்றி வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி ஏழுகூட ஆகவில்லை.

எட்டு மாதமாகிறது, அது நடந்து.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கல்லைச் சூடாக்கினான். தங்கமும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்த அபூர்வமான கனிமம். பார்வைக்கு மங்கிய பித்தளைதான். சூடு ஏற ஏற அதன்மேல் தங்கம் முத்து முத்தாக வியர்த்தது. டெல்லூரியம் வெள்ளைப் புகையாகக் கிளம்பியது.

புகையை இழுக்கும் விசிறி அன்று ஓடவில்லை. அவன் தங்கத்தை வேடிக்கை பார்க்கக் குனிந்தான்.

அவ்வளவுதான் அவன் செய்தது.

உள்ளே போன புகையால் மறுநாளிலிருந்து மூச்செல்லாம் பூண்டு வாடை. வேர்வையில்கூடப் பூண்டு. பயப்பட ஒன்றுமில்லை, தானாகப் போய்விடும் என்றார் டாக்டர், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு.

அப்போது அவன் மனைவி பிருந்தாவுக்கு நான்காம் மாதம். வாடை தாங்காமல் தென்காசிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாப்பாவை அவன் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாமியார் கண்ணாலேயே தடுத்துவிட்டாள்.

"வாடை சுத்தமாப் போனதும் சொல்லுங்க. அன்னைக்கே பாப்பாவத் தூக்கிட்டு பஸ் ஏறிடறேன்" என்று நேற்றும் போனில் சொன்னாள் பிருந்தா.

போயிற்றா இல்லையா? அவனுக்குத் தெரியாது. அவன் மூக்குக்கு அது எப்போதோ பழகிவிட்டது.

யாரையாவது கேட்கலாமென்றால், கிட்டே வர ஆள் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் மூன்று படி கீழே நின்றபடி "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார். அங்கே நின்றால் எப்படித் தெரியும்!

"ஊது" என்று மேம்பாலத்தடியில் குடி சோதிக்கும் கருவியை நீட்டினார் ஏட்டு.

ஊதினான். பூஜ்யம்.

"கெளம்பு."

அவன் கிளம்பவில்லை.

"சார், மெஷின் வேணாம். நீங்களே ஒரு வாட்டி மோந்து பாத்துச் சொல்லுங்க சார்."

ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படுவதுதானே அவர் தொழில். முகத்தை அவன் முகத்தருகே கொண்டுவந்தார்.

எட்டு மாதத்தில் ஒரு மனித முகம் அத்தனை பக்கத்தில் வந்ததில்லை. மீசையில் நாலைந்து நரைமுடி தெரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயைத் திறந்து மெல்ல ஊதினான்.

ஏட்டு சிரித்தார்.

"பூண்டுக் குழம்பா? நான் மூணு நாளா பரோட்டாவுலதான் ஓட்டறேன். ஒனக்கு வீட்ல ஆக்கிப் போட ஆளிருக்கு. குடுத்து வச்சவன்யா நீ."

"ஆமா சார்" என்றான்.