பேர் சொல்லாத ஜெபம்

மைக் கன்னிகா அக்காவின் கைக்குப் போனதும் சபீனா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

குடும்பங்களுக்காக ஜெபிக்கிற நேரம். ரேணிகுண்டா சாலையில் டயர் கடைக்கு மேலே இருக்கும் ஹால் அது. தெலுங்கு ஆராதனை முடிந்து தமிழ்க்காரர்கள் வந்து உட்காரும்போது பாய்களில் மற்றவர்களின் சூடு இன்னும் ஆறியிருக்காது. பெண்கள் இடது பக்கம். ஆண்கள் வலது பக்கம். அந்தப் பக்கத்தில் அவள் கணவன் நிதின் உட்கார்ந்திருந்தான்.

இன்றைக்கு அவள் எழுந்து சாட்சி சொல்வதாக இருந்தாள். எதில் என்று சொல்லாமல், ஆண்டவர் ஜெயம் கொடுத்தார் என்று மட்டும்.

ஜெயம்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், கூட வேலை செய்யும் ரவி அவளுக்காக இடம் பிடித்து வைத்த நாட்கள் முடிந்துவிட்டன. கெஞ்சிக் கேட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டாள். போனிலிருந்து அவன் எண்ணை அழித்தாள்.

ரவி தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டியா என்று கேட்பான், அவ்வளவுதான். வீட்டில் அதை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால்தான் பயந்தாள்.

அந்தப் பயத்தை அவள் கன்னிகா அக்காவிடம் மட்டும் சொன்னாள். நிதினுக்குத் தெரியக்கூடாது. அவன் அடிக்கிறவன் இல்லை. பேசமாட்டான். ஒருமுறை குழம்பில் தொடங்கிய சண்டைக்கு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தான். இதற்கு என்றால், அந்த வீட்டில் இனி எப்போதும் பேச்சே இருக்காது.

"அழுவாத சபி," என்றாள் அக்கா அன்று. "அவன் என்னா பெரிய சினிமா ஈரோவா? எதிர்ல வந்தான்னா சங்கீதம் சொல்லிக்கினே தலைய திருப்பிக்கோ. உனக்காக நான் உபவாசம் இருக்கறேன் போ."

சொன்னபடியே இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சபீனாவின் தலையில் கை வைத்து, அவளைவிட அதிகமாக அழுதாள்.

இப்போது மைக் கரகரத்தது.

"எங்க தகப்பனே, இந்தச் சபையில ஒரு மகள் சோதனையில இருக்கா. பேர் நான் சொல்லமாட்டேன். நீர் அறிவீர்."

"ஸ்தோத்திரம்," என்றது ஹால்.

"வேலைக்குப் போற பஸ்ஸுல சாத்தான் அவளுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கினு வரான் அப்பா..."

சபீனாவின் கண்கள் தாமாகத் திறந்துகொண்டன.

அந்தச் சபையில் கம்பெனி பஸ்ஸில் போகிறவள் ஒருத்திதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கம்மா கண்ணைத் திறக்காமலே முழங்கையால் இடித்தாள். "யாரும்மா அது? நம்ம சபையிலயா?" பதிலுக்குக் காத்திருக்காமல் அதே மூச்சில் அல்லேலூயா என்று கத்தினாள்.

சபீனா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். எழுந்து போகலாம். எழுந்தால், அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உட்கார்ந்திருந்தாள். பாயின் கோரை ஒன்று பிய்ந்து விரலோடு வந்தது.

அக்காவைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிஜமான கண்ணீர். அதுதான் சபீனாவுக்குத் தாங்கவில்லை.

"நகை வேணாம், பூ வேணாம்னு ஞானஸ்நானத்துல உமக்கு வாக்கு குடுத்தவ ஆண்டவரே! அந்நியன் வாங்கிக் குடுத்த மல்லிப்பூவ தலையில வெச்சிக்கினு வடமாலப்பேட்டை வரைக்கும் வந்தா அப்பா..."

சபீனாவின் விரல் நின்றது.

பூவைப் பற்றி அவள் அக்காவிடம் சொல்லவே இல்லை.

அது கடைசியாக அந்த பஸ்ஸில் போன நாள். புத்தூரில் ஜன்னல் பக்கம் வந்த பூக்காரியிடம் வாங்கி, அவள் மடியில் வைத்துவிட்டு, ரவி இறங்கிப் போய்விட்டான். சூடிக்கொண்டதை அவன்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். இருட்டின கண்ணாடியில் கொஞ்ச தூரம் தன்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வடமாலப்பேட்டை விளக்குகள் தெரிந்ததும் பிய்த்து வெளியே எறிந்தாள்.

அதை அவள் சொன்னது ஒருவரிடம்தான்.

விடியற்காலையில், அடுப்படியில், முழங்காலில் நின்று. மனதுக்குள் ஜெபித்தால் போதாது, வாயைத் திறந்து அறிக்கையிட வேண்டும் என்று பாஸ்டர் சொல்வார். அவளும் வாயைத் திறந்துதான் சொன்னாள், மெதுவாக. கதவுக்கு அந்தப் பக்கம் நிதின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"...அத ஜன்னல் வழியா," என்று அக்கா மூச்சு வாங்கினாள்.

வாக்கியம் முடியவில்லை. ஹால் காத்திருந்தது. அதற்குள் வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் முந்திக்கொண்டு, ஆமென் என்றது.

சபீனா திரும்பிப் பார்த்தாள்.

நிதின் கண்ணை மூடியிருந்தான், தூங்குகிறவனைப் போலவே.