சிவக்காத தங்கம்

"கழுவினியா?"

"கழுவினேன் சார்."

"கழுவின லட்சணமா இது?"

பேராசிரியர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் கரைசல் ஆராய்ச்சி மாணவியைப் பார்த்து இளித்தது.

தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுவதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. துகளெல்லாம் ஒரே அளவில் பொடிசாக இருந்தால் தண்ணீர் மாதுளை முத்தாகச் சிவக்கும். கன்னாபின்னாவென்று வளர்ந்தால் கத்திரிப்பூதான். பேராசிரியருக்கு ஒரு காலத்தில் அப்படிச் சிவந்து, ஊர் உலகமெல்லாம் அவர் பேர் அடிபட்டது. அதையே மறுபடி செய்து காட்டினால்தான் இவளுக்கு டாக்டர் பட்டம். இந்த வருடமும் வராவிட்டால் பட்டம் கோவிந்தா. இவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்கள்.

"சுத்தம்மா, சுத்தம்! ஒரு தூசி இருந்தாலும் தங்கம் கோவிச்சுக்கும். நானெல்லாம் எப்படிக் கழுவுவேன் தெரியுமா?"

பொரிந்து தள்ளிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அவளும் ஆசிட்டில் ஊறவைத்தாள், தேய்த்தாள், அலசினாள். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். தங்கத்துக்குப் பதிலாக அவள் கண்தான் சிவந்தது.

அந்த நேரம் பார்த்து, பேராசிரியர் வீட்டிலேயே மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியோடு அவர் மனைவி வந்தார். அழுத முகத்தைப் பார்த்து என்ன ஏதென்று விசாரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரு, அவரா கழுவினாராம்? ஏம்மா, கல்யாணமான நாளா அந்த மனுஷன் ஒரு டம்ளர் கழுவினதில்ல. காலையில காபி குடிச்ச டம்ளர்லயே சாயங்காலமும் ஊத்திக் குடிக்கிற ஆளு!"

அந்த அம்மா போனபிறகு அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். முந்தின நாள் குடுவையை எடுத்தாள். இருந்ததைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கழுவாமலே அடுத்த கரைசலை ஊற்றிச் சூடேற்றினாள்.

சிவந்தது!

மெஷினில் வைத்துப் பார்த்தாள். அத்தனை துகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. குடுவையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பொடித் துகள்களே விதையாகி, புதுத் தங்கம் அவற்றின்மேல் சீராகப் படிந்திருந்தது.

குடுவையும் கையுமாகப் பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், வந்துடுச்சு! ஆனா..." என்று இழுத்தாள்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கழுவலை, அதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் சார் எங்களை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"பளபளன்னு கழுவினேன்னு அன்னைக்கே ஆராய்ச்சிப் பேப்பர்ல எழுதி அச்சாயிடுச்சேம்மா! கழுவியும் ஒருத்தருக்காவது வந்துட்டா, நான் எழுதினது பொய்யில்லைன்னு ஆயிடும்னு பார்த்தேன். மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் துப்பில்லை."

குடுவையை வாங்கி ஆசை தீரப் பார்த்தார்.

"சரி, உன் தீசிஸ்லயும் நல்லா கழுவினேன்னே எழுதிடு. கழுவலைன்னு எழுதினா, நம்ம லேபைப் பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க?"