பாதி விலை

“நீங்க சொன்ன விலையில சரிபாதி. அதுக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்.”

அவள் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரகர் கூரையைப் பார்த்தார். அவள் கணவனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

எட்டு மாதமாக நாற்பது வீடு பார்த்தாயிற்று. மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். விட்டால் இப்படி ஒரு வீடு கிடைக்காது என்று காலையில் செருப்பைக் கழற்றும்போதே அவன் காதைக் கடித்தவள் இவள்தான். பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்பது, மசியாவிட்டால் சொன்ன விலைக்கே ஒத்துக்கொள்வது என்று வழியெல்லாம் பேசி வைத்திருந்தார்கள்.

மாடியில் அந்தச் சத்தம் கேட்கும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

டொக். டொக். டொக். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி மூன்று.

மேலே யார் என்று கேட்டாள். யாருமில்லை, தானும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறோம், வீடு பார்க்க ஆள் வந்தால் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள் என்றார் வீட்டுக்காரர்.

மரம் காய்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும் என்று ஆரம்பித்தார் தரகர்.

“முழுக்க கான்கிரீட்டுன்னு இப்பதானே பீத்திக்கிட்டீங்க?”



எல்லோரும் மாடி ஏறினார்கள். சத்தம் நின்றது. ஆளில்லாத அறையில் கட்டிலுக்குச் சலவை விரிப்பு. நாற்காலி முதுகில் இஸ்திரி போட்ட ஆண்பிள்ளைச் சட்டை. குளியலறையில் ஒரு பிரஷ், மேலே பேஸ்ட் பிதுக்கித் தயாராக. பேஸ்ட் இன்னும் காயவில்லை.

வீட்டுக்காரர் அதைக் கழுவி வைத்தார். பக்கத்து அறைக் கதவு திறக்கவில்லை. பழைய சாமான் போடும் அறை, கதவு இறுகிப் போயிருக்கும் என்றார்.

கீழே வந்தார்கள். டொக். டொக். டொக்.

“நீங்க இருங்க, நான் பார்த்துட்டு வரேன்” என்று அவள் மட்டும் ஏறிப் போனாள். சத்தம் நின்றது. பத்து நிமிஷமாகியும் ஆளைக் காணோம். கணவன் கூப்பிட்டான், பதில் இல்லை. அவன் படியில் கால் வைத்தபோது இறங்கி வந்தாள். வந்ததும்தான் அந்தப் பாதி விலைப் பேச்சு.

“பேய் வீட்டுக்கு இதுவே அதிகம். என் கண்ணால பார்த்தேன். கேட்கிற எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

வீட்டுக்காரர் மெல்ல எழுந்தார். தரகரிடம், “நாலு பேர் பயந்து ஓடினாங்க. இவங்க அஞ்சாவது. இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க. நான் விக்கல” என்றார்.

காரில் ஏறியதும் கணவன் வெடித்தான்.

“உன்னைப் பார்த்தா பேய்தான் ஓடணும். கையில கிடைச்ச வீட்டைக் கெடுத்து, அந்த மனுஷனையும் நோகடிச்சிட்டியே. நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?”

இரண்டு சிக்னல் தாண்டியதும் அவள் சொன்னாள்.

“பேய் இல்லீங்க. அந்த வீட்டம்மா. தங்கச்சி வீட்டுக்குப் போகாம, கரண்டியும் கையுமா சாமான் அறையில ஒளிஞ்சிருக்காங்க. நான் கதவைத் தட்டினதும் அவங்களே திறந்தாங்க.”

“அவங்க எதுக்கு இப்படி...?”

“மகன் கோவிச்சுக்கிட்டுப் போய் ஆறு வருஷமாச்சாம். அவன் திரும்பி வர்ற அன்னிக்கு, வாசல்ல வேற யாரோ நின்னு ‘யாருப்பா நீ?’ன்னு கேட்டுடக் கூடாதாம்.”